நடு ஜன்னல்

மொட்டு கீழே பார்க்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்கிறேன், சந்தேகமே இல்லை, நடு ஜன்னல் திரையில் கொடி ஏறவில்லை, இறங்குகிறது. இலை தொங்கினால் தொங்கட்டும், காற்றுக்குத் தொங்கியது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்தக் கொடியிலாவது அத்தனை மொட்டும் தரையைப் பார்த்து நிற்குமா? துணியைத் தலைகீழாகப் போட்டு வெட்டித் தைத்திருக்கிறார்கள். துணிக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங் டேபிளில் நின்ற கண் இது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்த உடனே பட்டுவிட்டது. பட்டதும் வயிற்றுக்குள் மோர் குடித்த மாதிரி ஜில்லென்று இறங்கியது. சொல்லக் கூடாதுதான், ஆனாலும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் என்ன, சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டுக்குள் எனக்குச் சந்தோஷம் வந்தது இதுதான் முதல் தடவை. கிரகப்பிரவேசத்தன்றைக்குப் பாயசம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. என் ஓரகத்தி வினோதினி கட்டிய வீடு, கரூர் பைபாஸ் ஓரம், கீழே நாலு அறை மேலே மூன்று அறை, ஹாலில் மட்டும் சுவர் முழுக்க மூன்று ஜன்னல். பதினொரு மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து யூடியூப்காரர்கள் வருகிறார்கள், வீட்டைச் சுற்றிக் காட்டுகிற சேனலாம், லட்சம் பேர் பார்ப்பார்களாம். இப்போது மணி பத்தேகால். "அக்கா, நீங்க வந்து ஒரு தடவ பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறுமுங்க" என்று ரெண்டு நாளாகப் போனில் கெஞ்சினாள். வந்து நின்றதும் கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு குஷன் உறை. இஸ்திரிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நேராகச் சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமா? போடுகிறேன். போட்டுக்கொண்டே நடு ஜன்னலைப் பார்க்கிறேன், இன்னும் முக்கால் மணி நேரம், நான் வாய் திறக்கப் போவதில்லை.

கேட்டால் சொல்வேன். "அக்கா, எல்லாம் சரியா இருக்குங்களா?" என்று அவள் வாயால் கேட்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். கேட்க மாட்டாள். செக்கிங் டேபிளில் என் பக்கத்து இடத்தில் நின்ற நாளிலேயே அவள் கேட்டதில்லை. பதினெட்டு வயசில் வந்தாள், ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு, ஓட்டைத் துணி கண் முன்னால் போனாலும் பாடிக்கொண்டே பாஸ் பண்ணிவிடுவாள். நான்தான் அவள் பார்த்து முடித்த லாட்டையும் திரும்ப ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன், மாஸ்டர் கண்ணில் படுவதற்குள் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி வைப்பேன். தப்பு இருக்கிற இடத்தில் ஒட்டுகிற அம்புக்குறி ஸ்டிக்கர், நகக்கண் அளவு இருக்கும். "துணிக்குத் தலையும் உண்டு காலும் உண்டு, பூ எந்தப் பக்கம் பாக்குதுன்னு முதல்ல பாரு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். காதில் போட்டுக்கொண்டால்தானே. இதோ, சொந்த வீட்டு நடு ஜன்னலில் காலை மேலே தூக்கித் தொங்கவிட்டிருக்கிறாள், தினமும் அதன் கீழே உட்கார்ந்து காபி குடிக்கிறாள், தெரியவில்லை. கண் என்பது பணம் வந்தால் வருவதா? அவளை இந்தக் குடும்பத்துக்குக் கொண்டுவந்ததே நான்தான். கொழுந்தன் கதிர்வேலுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தபோது, "எங்க கம்பெனியில ஒரு பொண்ணு இருக்குதுங்க, சிரிச்ச மூஞ்சி" என்று மாமியாரிடம் சொன்ன வாய் இந்த வாய். அதைத் தைத்திருக்கலாம். கல்யாணமாகி ரெண்டாம் வருஷம் கொழுந்தன் நாலு தறி போட்டார், அப்புறம் நாற்பது, அப்புறம் கப்பலில் சரக்கு போகிறது. என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் அதே மடிப்பு செக்சனில் இருக்கிறார், நல்ல மனுஷர், சாயங்காலம் ஆறரைக்கு வந்து பேப்பர் படிப்பார். யாரையும் குறை சொல்லவில்லை. சிரிச்ச மூஞ்சிக்கு அதிர்ஷ்டம் வருமென்றால் நானும் கொஞ்சம் சிரித்திருப்பேன்.

இஸ்திரி போட்ட உறைகளை அடுக்கி வைக்கிறேன். ஒன்று கோடு, ஒன்று கட்டம், ஒன்று மாங்காய், ஒன்று புள்ளி, ஒன்றோடு ஒன்று ஒட்டாத ஜாதி. சோபாவில் அகலக் கோடு, அதன்மேல் சின்னக் கட்டம், அதற்குப் பக்கத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு பூ, கீழே பவானி ஜமக்காளம், இடது ஜன்னலில் வரி, வலது ஜன்னலில் புள்ளி, நடுவில் நம் தலைகீழ்க் கொடி. இதற்கு ஒரு தம்பி கோயமுத்தூரிலிருந்து வந்து யோசனை சொல்லிவிட்டுப் போனானாம். "ஒண்ணு பெரிசு, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு பொடிசுங்க்கா, அப்புறம் ஏதாச்சும் ஒரு கலர் எல்லாத்துலயும் ஓடணும், அவ்வளவுதான் சூட்சுமம்" என்று வினோதினி எனக்கே பாடம் எடுக்கிறாள். ஒரு கலர் எல்லாவற்றிலும் ஓடுகிறது, பார்த்தேன், அவுரி நீலம், பூவின் நடுவில் கொஞ்சம், கட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம், ஜமக்காளத்தில் ஒரு பட்டை. நன்றாக இருக்கிறதா? இருக்கிறது. அதுதான் எரிகிறது. கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது, எங்கே ஆரம்பித்தாலும் கண் தடுக்காமல் சுற்றிவந்து நிற்கிறது. ஆனால் இதைத்தானே இத்தனை வருஷமாகப் பசுபதிபாளையத்தில் என் வீட்டில் நான் வைத்திருந்தேன்? கம்பெனியில் ரிஜெக்ட் ஆன துண்டுகளை ஆளுக்கு ரெண்டு மூன்று கொடுப்பார்கள், கிடைத்ததை வைத்துத்தான் ஜன்னல். சமையலறையில் ரோசாப்பூ, ஹாலில் கோடு, படுக்கையறையில் ஒரு பாதி கட்டம் ஒரு பாதி குதிரை. குதிரைக்குக்கூட ஒரு கால் கிடையாது, பிரிண்ட் விட்டுப்போனது. அன்றைக்கு அதை இல்லாமை என்றார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். எட்டாவது படிக்கும்போது என் மகள் சிந்துஜா சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டிவர மாட்டாள், தெருமுனையிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவாள். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, வீடு முழுக்க ஒரே துணி. ஒரே தானில், ஒரே சுருளில் வெட்டிய துணி. போன வருஷம் கடையில் போய், ஆமாம், கரூரில் பிறந்து கரூரில் துணி வேலை பார்க்கிறவள் கடையில் போய் முழு விலை கொடுத்து, சந்தனக் கலரில் ஆறு ஜன்னலுக்கும் ஒரே திரை வாங்கி மாட்டினேன். மாட்டிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சிந்துஜா கல்லூரியிலிருந்து வந்து பையைப் போட்டாள், சுற்றிப் பார்த்தாள், "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது" என்றாள். இந்த வருஷம் இங்கே சித்தி வீட்டில் கோடும் கட்டமும் பூவும் ஏறியது, அது மட்டும் "செம்மயா இருக்குது சித்தி". நான் செய்தால் கந்தல், அவள் செய்தால் கலை.

சிந்துஜா. காலையிலேயே இங்கே வந்துவிட்டாள், இப்போது பூ வாங்கப் போயிருக்கிறாள், சித்தியின் வண்டியில், சித்தி கொடுத்த சுடிதாரில். கல்லூரி இங்கிருந்து பக்கம், அதனால் வாரத்தில் மூன்று நாள் இங்கேயே தங்கிப் படிக்கிறேன் என்பாள். படிக்கட்டும். வினோதினிக்கு ரெண்டும் பையன், ஹாஸ்டலில் கிடக்கிறார்கள், பெண் இல்லாத குறைக்கு என் பெண்ணை வாரிக்கொண்டாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்வார்களே, ஊட்டக் கொடுத்துவிட்டு நிற்கிற ஊரான் நான், எனக்கென்று எந்தப் பழமொழியும் கிடையாது. எங்கள் வீட்டில் அம்மாவை மட்டும்தான் நீ என்பது வழக்கம், அப்பாவுக்கே நீங்கதான், பெரியவர்கள் எல்லோருக்கும் நீங்கதான். இன்றைக்குக் காலையில் நான் உள்ளே வரும்போது மாடியிலிருந்து சிந்துஜா கத்தினாள், "சித்தி, நீ அந்த ஸ்டூல எங்க வெச்ச?" நீ. நான் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் "அம்மா, வந்துட்டியா" என்றாள், அதுவும் நீதான், ஆனால் அதில் உப்பு இல்லை. என்னிடம் எதையும் கேட்பதில்லை இப்போது. எது உடுத்தட்டும், எந்தக் கலர் வாங்கட்டும், முடியை வெட்டட்டுமா, எதுவும். சின்ன வயசில் எதைச் செய்தாலும் ஓடிவந்து காட்டுவாள், படம் வரைந்தால் காட்டுவாள், கோலம் போட்டால் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள், அந்தத் தலையணை உறையைக்கூட. வேண்டாம், அந்தத் தலையணை உறையை எதற்கு இப்போது. இஸ்திரிப் பெட்டி சூடு ஏறிவிட்டது, குமிழைக் குறைக்க வேண்டும், துணி மஞ்சளித்துவிட்டால் அதற்கும் என்னைத்தான் சொல்வார்கள். குறைத்துவிட்டேன். மணி பத்து முப்பத்தைந்து.

எட்டாவது உறையைப் பலகையில் விரித்தேன். ரோசாப்பூ. சின்ன ரோசாப்பூ, வெளிர்ப் பச்சைக் கட்டத்தின்மேல், பூவுக்கு அஞ்சு இதழ். எண்ணிக்கொண்டே போனால் ஒன்பதாவது பூவுக்கு நாலு. எனக்குத் தெரியாதா, அந்த நாலு இதழுக்காகத்தான் இந்தத் துணி ரிஜெக்ட் ஆனது, நான்தான் ரிஜெக்ட் பண்ணினேன், நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன், பத்து வருஷம் என் சமையலறை ஜன்னலில் எண்ணெய்ப் புகை குடித்துக்கொண்டு தொங்கியது. சந்தனத் திரை மாட்டிய அன்றைக்குப் பழசையெல்லாம் மூட்டை கட்டி, துடைக்கிற துணிக்கு யாருக்காவது கொடுத்துவிடு என்று சிந்துஜாவிடம் கொடுத்தேன். என் கந்தல் இங்கே எப்படி வந்தது? அதுவும் ஓரத்தில் நீலப் பட்டி வைத்து, மூலையை முறுக்கித் திருப்பி, பின்னால் ஜிப் வைத்து. திருப்பிப் பார்த்தேன். தையல் சுத்தமாக இருக்கிறது, கடைத் தையல் இல்லை, நூல் வெட்டிய இடத்தில் ரெண்டு முடிச்சு, ஒரு முடிச்சு போதாது என்று பயப்படுகிற கை. என் ஜன்னலை எடுத்து இவள் சோபாவில் வைத்திருக்கிறாள். என் மாமியாரிடம் நல்ல பெயரை எடுத்துக்கொண்டாள், என் பெண்ணை எடுத்துக்கொண்டாள், கடைசியில் நான் தூக்கிப்போட்ட துணியில்கூட ஒரு அழகு இருந்திருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டாள். "வினோதினி" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே நல்லதாகப் படவில்லை. சமையலறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், உறையைப் பார்த்தாள், முகம் மாறியது, திருடி மாட்டிக்கொண்ட மாதிரி இல்லை, பரீட்சைத் தாளை முன்கூட்டிக் காட்டிவிட்டவள் மாதிரி. "அய்யோ, அது உங்க கைக்கு வந்துருச்சா? அத நான் எடுத்து வெச்சிருக்கோணும்" என்றாள். "ஆர் தெச்சது?" என்றேன். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கறா. நம்ம சிந்துதானுங்க்கா. இது மட்டுமில்ல, குசன் அத்தனையும், மூணு ஜன்னலுந்தான். அந்தத் தம்பி வந்து வாயில சொல்லீட்டுப் போனதோட சரி, எதுக்குப் பக்கத்துல எது வெக்கறதுன்னு அத்தனையும் அவ யோசனை. மாடியில மிஷின் வாங்கி வெச்சேன். ரெண்டு மாசமா."

ரெண்டு மாசமா. படிக்கிறேன் என்று சொன்ன ரெண்டு மாசம். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். மூணு ஜன்னலும் என்றால் நடு ஜன்னலும். நடு ஜன்னலைத் திரும்பிப் பார்க்காமலேயே எனக்கு அந்த மொட்டுகள் தெரிந்தன, வரிசை வரிசையாக, எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு. சற்று முன்னால் மோர் இறங்கிய இடத்தில் இப்போது நெருப்பு. லட்சம் பேர் பார்க்கப் போகிறார்கள். லட்சம் பேரில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, கொடி தொங்குகிறது, அழகு, என்று போய்விடுவார்கள். கரூர் பார்க்குமே. இந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் துணியில் இருக்கிறார்கள், தறி, சாயம், பிரிண்ட், தையல், செக்கிங், என் டேபிளிலேயே பதினாலு பேர், எல்லோரிடமும் போன் இருக்கிறது. வீடியோவுக்குக் கீழே எழுதுவார்கள். கொடி சிரசாசனம் பண்ணுது போல, என்று எவளாவது எழுதுவாள், அதற்குப் பத்துப் பேர் சிரிப்பார்கள். செக்கிங் சாந்தாமணி மகள் தைத்ததாம், என்று பதினோராவது ஆள் எழுதும். இருபது வயசுப் பிள்ளை அதை உட்கார்ந்து படிக்கும். எந்தச் சிரிப்புக்காக நான் அரை மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தேனோ அந்தச் சிரிப்பு. என் வாயிலேயே ரெண்டு போடலாம். மணி பத்து நாற்பத்தெட்டு. பிரித்துத் தைக்க நேரமில்லை, மேலே வளையம் அடித்தாகிவிட்டது, கீழே அகலமாக மடித்தாகிவிட்டது, திருப்பி மாட்ட வழியில்லை. துணியின் ஓரக் கரையில் அம்புக்குறி அச்சடித்திருப்பார்கள், எது தலை என்று, அது இருந்திருந்தால் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், யாரோ கரையை வெட்டி எறிந்துவிட்டுத் துணியைக் கொடுத்திருக்கிறார்கள். சுருக்கிக் கட்டிவிட்டால்? மடிப்பு மடிப்பாக ஒதுக்கி நாடாவால் கட்டிவிட்டால் கொடி ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாருக்குத் தெரியும்? ஓடிப்போய்த் திரையைப் பிடித்தேன், இருபுறமும் இழுத்து ஒதுக்கினேன், கையில் கொத்தாகச் சுருட்டினேன்.

"அக்கா, சுருட்டிராதீங்க" என்று வினோதினி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "விரிச்சாப்புல இருக்கோணும்னு அவ சொல்லீட்டுப் போயிருக்கறா." "உனக்கு ஒண்ணும் தெரியாது, உடு" என்றேன். "தெரியுமுங்க" என்றாள். "மொட்டு கீழ பாக்குது. மொத நாளு கம்பியில கோக்கறப்பவே பாத்துட்டேன்." நான் அவளைப் பார்த்தேன். பாடிக்கொண்டே ஓட்டைத் துணியைப் பாஸ் பண்ணிய பெண்ணா இது? "பின்ன ஏன் சொல்லுல?" "என்னத்தச் சொல்றது? ஏணி மேல நின்னு மாட்டீட்டு இறங்கி வந்து, தள்ளி நின்னு பாத்து, அப்படிச் சிரிச்சா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க்கா சொல்லுவேன்? தொங்குனா தொங்கீட்டுப் போவுது, எங்கூட்டு ஜன்னல்தான, எவன் என்ன சொன்னா என்ன. ஆராச்சும் கேட்டா நாந்தான் அப்படி வெக்கச் சொன்னேன்னு சொல்லிக்கறேன்." என் கையிலிருந்த துணியை விரல் விரலாக எடுத்து விரித்துவிட்டாள், உள்ளங்கையால் தடவினாள், கொடி மறுபடியும் இறங்கி நின்றது. அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள், "எனக்கு லட்சம் பேரு பயமில்லீங்க்கா. உங்க ஒருத்தரு கண்ணுதான் பயம். அம்மாவ வரச்சொல்லு, நான் தெச்சதுன்னு சொல்லாத, அம்மா வாயில என்ன வருதுன்னு பாக்கோணும், அப்படின்னு அவதான் ரெண்டு நாளா என்னைய போன் பண்ணச் சொல்லி அனத்திக்கிட்டே இருந்தா."

இஸ்திரிக்கு இல்லை. என்னைக் கூப்பிட்டது இஸ்திரிக்கு இல்லை. நான் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தேன், கையில் அந்த ரோசாப்பூ உறை இருந்தது, ஒன்பதாவது பூவின் நாலு இதழில் கட்டைவிரல் போய்ப் போய் நின்றது. தலையணை உறை. சரி, வா, எத்தனை நேரம்தான் கதவுக்கு வெளியே நிற்பாய். அப்போது சிந்துஜாவுக்குப் பதிமூணு வயசு. லீவில் நான் வேலைக்குப் போயிருந்தபோது என் மிஷினில் தானாக ஒரு தலையணை உறை தைத்திருந்தாள், முன்பக்கம் கோடு, பின்பக்கம் பூ, ஓரத்தில் கட்டத்தை மடித்து வைத்து. நான் கம்பெனியிலிருந்து வந்து கால் கழுவுவதற்குள் ஓடிவந்து காட்டினாள். அன்றைக்கு என் லாட்டில் ஒரு ஓட்டை தவறிப்போய் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தார். கைப்பையில் இருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்தேன், உறையைத் தரையில் விரித்தேன், கோடு கோணலாக ஓடின இடத்தில் ஒன்று, தையல் விட்டுப்போன இடத்தில் ஒன்று, பூ தலைகீழாக நின்ற இடத்தில் ஒன்று. பூ தலைகீழாக நின்ற இடத்தில். ஏழு ஸ்டிக்கர். விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கற்றுக்கொடுக்கத்தான் என்று வினோதினியிடம்கூட ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, இப்போது ஞாபகம் வருகிறது, அவள் சிரிக்காத சில நாட்களில் அது ஒன்று. சிந்துஜா அழவில்லை. ஏழையும் ஒவ்வொன்றாக உரித்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் என் மிஷினைத் தொடவில்லை. படம் காட்டவில்லை. கோலம் போட்டுவிட்டுக் கூப்பிடவில்லை. அவள் எப்போது என்னிடம் காட்டுவதை நிறுத்தினாள் என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன். தெரியும். கிழமைகூடத் தெரியும். செவ்வாய்க்கிழமை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனசு இளகியது, திருந்தியது என்றெல்லாம் இல்லை. இன்னும் எரிகிறது, முன்னைவிடவும். வீடு எரியவில்லை, சோபா எரியவில்லை, ஏழு அறையையும் வைத்துக்கொள்ளட்டும். தப்பு தெரிந்தும் வாயை மூடிக்கொள்ள இவளுக்கு எங்கிருந்து வந்தது? நானும்தானே காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்? அதே தப்பு, அதே மௌனம், அவள் வாயை மூடியது எதற்கு, நான் வாயை மூடியது எதற்கு. அந்தக் காலத்தில் அந்த லாட்டுகளையெல்லாம் பாஸ் பண்ணினாளே, அப்போதும் தெரிந்துதான் விட்டாளா, நெய்தவனுக்குச் சம்பளம் வெட்டிவிடுவார்கள் என்று? கேட்டால் சிரிப்பாள். கேட்க மாட்டேன். வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம், கேட் சங்கிலி, வாசற்படியில் செருப்பை உதறுகிற சத்தம், எனக்குத் தெரிந்த உதறல், இடது முதலில். வினோதினி விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு ரோசாப்பூ உறையை என் கையிலிருந்து வாங்கி மற்றதோடு அடுக்கினாள். சிந்துஜா ரெண்டு கையிலும் சம்பங்கிப் பையோடு உள்ளே வந்தாள், வேர்த்திருந்தாள், நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. பூவை டீப்பாய்மேல் வைத்தாள், தண்ணீர் குடித்தாள், வேண்டுமென்றே நிதானமாகக் குடிக்கிறாள் என்று தெரிந்தது. "யூடியூப்காரங்க பைபாஸுக்கு வந்துட்டாங்களாம் சித்தி" என்றாள். அப்புறம் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, எதையோ போகிறபோக்கில் கேட்கிற மாதிரி, "ஏம்மா, ஹால் எப்படி இருக்குது? அந்த நடு ஜன்னல் பாத்தியா?"

பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன், அவள் பார்க்கும்படியாக, எழுந்து போய், நாலடி தள்ளி நின்று, கம்பெனியில் எப்படிப் பார்ப்பேனோ அப்படி, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். மொட்டு கீழே பார்த்தது. என் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகச் சேர்ந்தன, தாளிலிருந்து ஸ்டிக்கரை உரிக்கிற மாதிரி, பத்தொன்பது வருஷப் பழக்கம், நான் கையைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நிற்கிறாள். நன்றாக இருக்கிறது என்று சொல்வது இவ்வளவு கனமா, வாய்க்குள் கல் மாதிரி உருள்கிறது. ஒரு வாட்டிகூட அவளிடம் சொன்னதில்லையா? சொல்லியிருப்பேன். எப்போது? "நல்லா இருக்குது கண்ணு" என்றேன். "அந்தக் கோடும் இந்தப் புள்ளியும் ரெண்டு பக்கமும் நிக்கறதுனால நடுவுல கொடி நல்லா எடுப்பா இருக்குது. ஆரோ வெவரந் தெரிஞ்சவங்க வெச்சிருக்கறாங்க." திரும்பினேன். சிந்துஜா என்னைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்தாள். சொல்லிட்டியா, என்று அந்தக் கண் கேட்டது, நான் இங்கேயே நிற்கிறேன், எனக்குத் தெரியாதா அந்தக் கண். வினோதினி கண்ணிமைக்காமல் தலையை இல்லையென்று ஆட்டினாள், சுத்தப் பொய், ஒரு சின்ன ஆட்டல். அப்புறம்தான் என் மகள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.